தலை கடைசியில்தான் வரவேண்டும்

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து பதின்மூன்று வருஷம் நிறைந்த வாரத்தில் என் மகள் வள்ளி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். கைக்குழந்தையாகக் கப்பலேறியவள் இப்போது என் தோளைத் தாண்டிவிட்டாள். தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நாளைக்குள் கையெழுத்து வேண்டும் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் சமையலறையைத் தாண்டாது. போதும், உப்பு, சுடுது, இன்னும் கொஞ்சம். முக்கியமான விஷயம் எல்லாம் இங்கிலீஷில்தான் வரும்.

கயாக் பழகும் குழுவில் சேர்வதற்குப் பெற்றோர் சம்மதம் கேட்டிருந்தார்கள். குடும்பப் பெயர் என்ன என்று முதல் கட்டம். இந்த ஊர்த் தாள்களில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடமுடியாது. வந்த புதிதில் ஆஸ்பத்திரி அலுவலகத்தில், "எனக்குக் குடும்பம் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது" என்று சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாள் என் வீட்டுக்காரர் பெயரை எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து நர்ஸ் சொர்ணம், மிஸஸ் முருகேசன் ஆகிவிட்டாள். வார்டில் இருக்கும் கிழவர்கள் அதையும் மென்று மிஸஸ் மகிசன் என்பார்கள்.

கேள்விகள் தொடர்ந்தன. நீச்சல் தெரியுமா, வலிப்பு உண்டா, காதில் சீழ் உண்டா. ஏதாவது நேர்ந்துவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? அந்தக் கேள்வியைப் படித்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

கயாக் என்றால் ஊரில் இருப்பவர்களுக்கு விளங்காது. நாம் பார்க்கும் படகு மாதிரி மேலே திறந்திருக்காது. ஓர் ஆள் மட்டும் போகும் ஒடுக்கமான படகு. மேல்பக்கம் மூடியிருக்கும், நடுவில் ஒரு துவாரம். அதற்குள் காலை நீட்டி இடுப்புவரை இறங்கி உட்கார வேண்டும். கவிழ்ந்தால் ஆளும் படகோடு சேர்ந்து தலைகீழாகப் போவார். எனக்கு அது நன்றாகத் தெரியும். கொடைக்கானல் ஏரியில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

2

கப்பலேறுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது அது. நான் கொடைக்கானலில் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். என் தம்பி கந்தசாமி பூம்பாறையில் எங்கள் பூண்டுக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீசன் நாட்களில் வெள்ளனே பஸ்ஸில் பீன்ஸும் முட்டைக்கோஸும் கொண்டுவந்து ஏரியைச் சுற்றியுள்ள பங்களாக்களில் கொடுப்பான். எதையும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டான். மோட்டார் சைக்கிளா, கிராமபோனா, ஒரு தடவை தொட்டாக வேண்டும்.

ஒரு பங்களாவில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கித்தான் துணி போர்த்திய கயாக் வைத்திருந்தது. கந்தசாமி ஆசையாகப் பார்ப்பதைக் கண்டு அந்த வீட்டுக்காரர், ஏறிப் பார் என்று சொல்லியிருக்கிறார். அன்று எனக்கு விடுமுறை. அவனோடு பஜாருக்குப் போகலாம் என்று கரையில் காத்திருந்தேன்.

கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் போனான். திரும்பி, "யக்கா, பாத்தியா!" என்று கை தூக்கினான். அடுத்த நிமிஷம் படகின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. பச்சை வண்ணம் அடித்த அடிப்பக்கம். எருமை முதுகு மாதிரி மெல்ல ஆடிக்கொண்டு நின்றது. தம்பியைக் காணோம்.

எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் ஊரில் பெண்கள் யார் நீந்தினார்கள்? நான் கத்தினேன். அந்த வெள்ளைக்காரர் பூட்ஸோடு குதித்து நீந்திப் போய்ப் படகுக்கு அடியில் மூழ்கி, அவனை உருவி எடுத்தார். முழங்கால் உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியே வரும் வழி தெரியாமல் அவன் தலைகீழாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். கரையில் போட்டுக் குப்புறக் கிடத்தி, முதுகை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றியது நான்தான். கடைசியில் அவன் இருமி மூச்சுவிட்டான்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஓடைக்குக் குளிக்கப் போவதை நிறுத்திவிட்டான். கல்யாணமான பிறகு அவன் மனைவி பேச்சியம்மாள் வெந்நீர் மொண்டு ஊற்றினால்தான் குளியல். பஸ் ஏரிப் பக்கம் திரும்பினால் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அன்றைக்குக் கீழே என்ன நடந்தது என்று யார் கேட்டாலும், "அத விடு" என்பான்.

3

நான் கையெழுத்துப் போடவில்லை. வள்ளி பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு மேசையில் உப்பு, போதும் என்ற இரண்டு தமிழ்ச் சொற்களும் நின்றுபோயின.

என் வீட்டுக்காரர் பழனிக்காரர். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பம். இங்கே யந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் படம் வரைகிறார். எதற்கும் பதறாத மனிதர்.

"நீ ஒரு தடவ போயிப் பாரு சொர்ணம். பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம். பாக்காம சொன்னா அவ காலத்துக்கும் மறக்க மாட்டா" என்றார்.

போனேன். குளிர்காலத்தில் ஆற்றில் பழக முடியாது என்பதால் ஊர் நீச்சல் குளத்தில்தான் பழகுகிறார்கள். தலைக்கு மேல் கண்ணாடிக் கூரை, மருந்து வாடை, யார் பேசினாலும் எதிரொலி. வள்ளியின் பூகோள ஆசிரியை மிஸ் டர்ன்புல்தான் சொல்லிக்கொடுப்பவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். குளத்தில் ஒரு பையன் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்தான். மறுபடியும் அந்த அடிப்பக்கம். நான் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூச்சுவிடும் நேரத்தில் அவன் துடுப்பை ஒரு வீச்சு வீசி, படகோடு நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கைச் சிந்தினான்.

இப்படி ஒன்று உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. கவிழ்ந்த படகை உள்ளே இருப்பவரே நிமிர்த்தலாம். அதற்கு ரோல் என்று பெயர். வள்ளி வீட்டில் ரோல், ரோல் என்று சொன்னபோதெல்லாம் ரொட்டிக்கடை ரோல் என்றே நினைத்திருந்தேன். தையல் வகுப்புப் போல ரொட்டி சுடும் வகுப்பும் இருக்கும்போல என்று சந்தோஷப்பட்டது கூட உண்டு.

மிஸ் டர்ன்புல்லிடம் தம்பி கதையைச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அவருக்கு வெளியே வரும் வழியை யாரும் முதலில் காட்டவில்லை. நாங்கள் அதைத்தான் முதலில் காட்டுகிறோம். உங்களுக்கே காட்டட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது நாற்பது நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமைகளில் பெண்களுக்கு மட்டும் நீச்சல் நேரம் உண்டு. நீச்சல் உடுப்பு வாங்கக் கடைக்குப் போய் இரண்டு தடவை வெறும் கையோடு திரும்பினேன். மூன்றாம் தடவை வீட்டுக்காரர் கூட வந்து, கடைக்காரப் பெண்ணிடம் அளவு சொன்னார். முதல் நாள் துவாலையை உடம்பில் சுற்றிக்கொண்டு தண்ணீரின் விளிம்புவரை நடந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் குளிரில் இருந்தார்கள்.

நீச்சல் சுமாராக வந்ததும் கயாக்கில் உட்கார வைத்தார்கள். முதல் பாடம் கவிழ்ந்து, நிதானமாக முழங்காலை விடுவித்து நழுவி வெளியே வருவது. அது வந்த அன்றைக்கு வீட்டுக்குப் போய், கெடு தாண்டிக் கிடந்த தாளில் கையெழுத்துப் போட்டேன்; மிஸ் டர்ன்புல் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனம் வரவில்லை.

நிமிர்வதில் பல முறைகள் இருக்கின்றன. எனக்கு முன்னால் வைக்கப்பட்டவை இரண்டு. ஒன்று, துடுப்பை நீட்டிப் பிடிப்பது. ஒரு கையைத் துடுப்பின் கோடியில் இருக்கும் தட்டையான அலகுக்கே கொண்டுபோய், முழு நீளத்தையும் பக்கவாட்டில் நீட்டி வீசுவது. இரண்டாவது, வழக்கம்போல் நடுவில் இரு கையாலும் பிடித்தபடியே மணிக்கட்டைத் திருப்பி வீசுவது. வீட்டில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. என் வீட்டுக்காரர் அகப்பையை எடுத்து மேசை விளிம்பில் வைத்து, நீளம் கூடக்கூட பலம் குறைவாகப் போதும் என்று காட்டினார்.

"உனக்குக் கையில அம்புட்டு பலம் கெடையாது. நீளப் புடியே எடுத்துக்க" என்றார்.

வள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. ஆற்றில் தலைகீழாகக் கிடக்கும்போது கையை இடம் மாற்ற ஏது நேரம், கை எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே எழ வேண்டும் என்றாள். அவள் குட்டைப் பிடியைப் பழகினாள். நான் நீளப் பிடியை எடுத்துக்கொண்டேன். வலுவில்லாதவளுக்கு உறுதியான வழி அது. மாசி மாதக் குளிரில் ஒரு நாள் அது எனக்கு வந்துவிட்டது. பிறகு குட்டைப் பிடியையும் முயன்றேன். பத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

எந்த முறையானாலும் சூட்சுமம் ஒன்றுதான். முதலில் இடுப்பை ஒடித்துப் படகைத் திருப்ப வேண்டும். உடம்பு பிறகு, தலை எல்லாவற்றுக்கும் கடைசியாக. ஆனால் மூச்சுக்குத் தவிக்கும் மனிதருக்குத் தலையைத்தான் முதலில் தூக்கத் தோன்றும். தூக்கினால் அதன் பாரமே படகை மறுபடி கவிழ்க்கும். வள்ளி குளத்தின் ஓரத்தில் நின்று, "இடுப்பு! அம்மா, இடுப்பு! கன்னம் தோள்ல வை!" என்று கத்துவாள். மற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்று தமிழில் கத்தத் தொடங்கினாள். அம்மாவின் இடுப்பைப் பற்றி ஊர் முழுக்கக் கேட்க வேண்டாமே. இல்லாத சொற்களை என்னிடம் கேட்டுக்கொள்வாள். மணிக்கட்டுக்கு என்ன, ஒடிப்பதற்கு என்ன என்று. அந்தக் குளிர்காலத்தில் அவள் தமிழ் சமையலறையை விட்டு வெளியே வந்தது.

4

அறுபத்தாறாம் வருஷம் ஆகஸ்டில், வந்தபின் முதல் தடவையாக ஊருக்குப் போனோம். என் வீட்டுக்காரர் பழனியில் அவர் அண்ணன் வீட்டில் தங்க, நானும் வள்ளியும் மலைக்கு ஏறினோம்.

கந்தசாமி உடம்பு பெருத்து, முன்தலை வழுக்கையாகி இருந்தான். வள்ளியை ஏற இறங்கப் பார்த்தான். மாமா என்று அவள் கூப்பிட்டதில் கண் கலங்கினான். அதெல்லாம் முதல் நாள். மூன்றாம் நாள் பேச்சுவாக்கில் வள்ளி தன் கயாக் போட்டோவை எடுத்துக் காட்டினாள். அவன் கையிலிருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது.

"இதென்னக்கா?"

சொன்னேன். அவளோடு நானும் பழகினேன் என்பதையும் சொன்னேன்.

"ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? என்னயக் குப்புறப் போட்டு அமுக்குனவ நீதான. மறந்து போச்சா?"

"மறக்கலடா. அதனாலதான் பழகுனேன்."

"புள்ளய இங்க விட்டுட்டுப் போ. நான் வளக்குறேன். மாமன் எதுக்கு இருக்கேன்? அங்க இருந்தா ஒரு நா இல்லாட்டி ஒரு நா தண்ணியில வாரிக் குடுத்துட்டு வந்து நிப்ப."

பேச்சியம்மாள், "நாக்குல நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று அதட்டினாள். வள்ளிக்கு எல்லாம் புரியவில்லை. விட்டுட்டுப் போ என்பது மட்டும் புரிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் கோபத்தில் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நிஜமாகவே சொன்னான். நான் மகளைக் கொல்லப்போகிறேன் என்று என் தம்பி நம்பினான்.

5

என்னோடு நர்ஸாக இருந்த கிரேஸ் இப்போது கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்து மருத்துவ அறையில் வேலை பார்க்கிறாள். பள்ளியில் இரண்டு பழைய கயாக்குகள் சும்மா கிடப்பதாக அவள் சொன்னதும் வள்ளி விடவில்லை. பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் புறப்பட்டபோது கந்தசாமியும் கூட ஏறினான்.

"நீ எதுக்குடா?"

"பஜார்ல சோலி இருக்கு" என்றான். சோலி எதுவும் இல்லை. எங்கள் பின்னாலேயே ஏரிவரை வந்தான். தண்ணீரிலிருந்து தள்ளி, ஒரு மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டான்.

எங்கள் பெட்டியோடு வந்துவிட்ட வீட்டுக்காரரின் கால்சட்டையும் கம்பளிச் சட்டையும் போட்டிருந்தேன். கிரேஸ் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். வள்ளி துடுப்புகளைச் சோதித்தாள். அவை நடுவில் பித்தளைக் குழலால் இணைத்த இரண்டு பாதிகள். என்னுடையதில் இணைப்பு தேய்ந்திருந்தது.

"அம்மா, இது லூஸ். நீட்டிப் புடிக்காத. கழண்டுரும். நீ சும்மா ஓட்டு, போதும்" என்றாள்.

எனக்கும் அதற்குமேல் உத்தேசம் இல்லை. தம்பி பார்க்க, கரையோரமாக நிதானமாகப் போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். மூடுபனி விலகி வெயில் வந்திருந்தது. கொஞ்ச நேரம் நன்றாகவே இருந்தது. திரும்பும்போது மதுரைப் பக்கத்துக் கல்யாணக் கோஷ்டி ஒன்று வாடகைப் படகில் வந்தது. துடுப்புப் போட்டவர் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேச்சு மும்முரத்தில் இருந்தார். "ஏங்க! ஏங்க!" என்று நான் கத்துவதற்குள் அந்தப் படகின் மூக்கு என் கயாக்கின் பக்கவாட்டில் இடித்தது. கவிழ்ந்துவிட்டேன்.

ஏரித் தண்ணீரின் குளிர் நெற்றியில் அறைந்தது. குளத்து நீர் மாதிரி தெளிவாக இல்லை. பழுப்பு இருட்டு, முகத்தில் கொடி கொடியாகப் பாசி. நழுவி வெளியே வந்திருக்கலாம், வழி தெரியும். ஆனால் வந்தால் தம்பி கண்ணில் படுவது ஆளில்லாத படகு. அந்த நினைப்புத்தான் வந்தது. கை தானாகத் துடுப்பின் நுனியைத் தேடிப் போயிற்று. இழுத்ததும் இணைப்பு நகர்ந்தது. வள்ளி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுபடி அதை உள்ளே தள்ளி, இரண்டு கையாலும் நடுவில் பிடித்தேன். பத்துக்கு ஒன்று வரும் முறை.

வீசினேன். வெளிச்சம் தெரிந்தது, காற்று தெரிந்தது, அவசரமாகத் தலையைத் தூக்கினேன். திரும்பவும் கீழே போனேன். படகுக்குள் தண்ணீர் ஏறிக் கனத்துவிட்டது. பாதி மூச்சுத்தான் கிடைத்திருந்தது. இனிமேல் அவசரப்பட வழியில்லை. முன்னால் குனிந்து, துடுப்பைப் படகின் பக்கத்தோடு ஒட்டி வைத்து, கன்னத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு வீசினேன். இடுப்பை ஒடித்தேன். படகு திரும்பியது. கன்னத்தைத் தோளைவிட்டு எடுக்கவே இல்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தபோது கல்யாணக் கோஷ்டி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. வள்ளி தன் படகைக் கொண்டுவந்து என் படகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "குட்டைப் பிடி! அம்மா, குட்டைப் பிடி!" என்று அழுதாள். நான் கரையைப் பார்த்தேன். மரத்தடியில் தம்பியைக் காணோம்.

அவன் தண்ணீரில் நின்றான். மார்பளவு ஆழத்தில். வேட்டி சுற்றிலும் வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளையும் எங்களை நோக்கி நீட்டியபடி, அடுத்த அடி வைத்தால் ஆழம் என்ற இடத்தில், நீந்தத் தெரியாத என் தம்பி.

"கந்தா, அங்கனயே நில்லுடா! எனக்கு ஒண்ணுமில்ல!" என்று கத்தினேன்.

அவன் நின்றான். நாங்கள் பக்கத்தில் வந்ததும் என் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு, விடாமல் கரைவரை இழுத்துவந்தான். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பத்து மாதமாகக் கட்டி வைத்திருந்த பயம், இல்லை, பதினாறு வருஷத்துப் பயம், எங்கேயோ கழன்று போயிருந்தது.

6

கிரேஸ் கொடுத்த கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு புல்லில் உட்கார்ந்தோம். கந்தசாமியின் பல் தந்தியடித்தது. பிறகு அவனாகவே ஆரம்பித்தான்.

"அன்னைக்குக் கீழ, மேலு எது கீழு எதுன்னே தெரியலக்கா. தலையத் தலையத் தூக்குனேன். தூக்கத் தூக்க அமுக்குச்சு. யாரோ புடிச்சு அமுக்குறாப்புல இருந்துச்சு. பேயின்னே நெனச்சேன்."

"பேய் இல்ல மாமா. தலை" என்றாள் வள்ளி. அவளுக்கு வார்த்தை தட்டியது. புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து செய்தே காட்டினாள். "தலை வெயிட். முதல்ல இடுப்பு. அப்புறம் ஒடம்பு. தலை கடைசி."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளைப் போலவே காலை நீட்டி, அவ்வளவு பெரிய உடம்பைச் சாய்த்து இடுப்பை ஒடித்துப் பார்த்தான். மாங்காய் விற்கிற பெண் நின்று வேடிக்கை பார்த்தாள். "இப்பிடியா? இப்பிடியா?" என்று கேட்டு மூன்று நான்கு தடவை செய்தான். கடைசியில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வள்ளியை இங்கே விட்டுப் போவதைப் பற்றி அன்றும் சரி, நாங்கள் கிளம்பும் வரையிலும் சரி, அவன் பேசவில்லை.

சாயங்கால பஸ்ஸில் பூம்பாறைக்குத் திரும்பினோம். வேட்டி இன்னும் காயவில்லை. வாசலில் பூண்டுக் கட்டுகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் எங்களைப் பார்த்ததும் பதறி ஓடிவந்தாள்.

"என்ன மதினி இது? ஏங்க, எங்க போயி விழுந்தீங்க?"

கந்தசாமி செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர வேட்டியை ஒரு தடவை பிழிந்து உதறினான்.

"விழுகல. நானாத்தான் எறங்குனேன்" என்றான்.